கதவுக்குப் பின் கதவு

ஆண்டிமடம் எந்த மாவட்டம் என்று கேட்டால், பாட்டனார் திருச்சி என்பார். 1995-க்குப் பின் பள்ளி சென்றவர் பெரம்பலூர் என்பார். இன்றைய மாணவன் அரியலூர் என்பான். "எதுவரை படித்தீர்கள்?" என்று கேட்டாலும் இதே கதைதான்! ஒருவர் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.; இன்னொருவர் பி.யூ.சி.; மற்றொருவர் பிளஸ் டூ. மாவட்டத்தின் பெயர் மாறியதால் முந்திரிக்காடு இடம் பெயர்ந்துவிடவில்லை. ஆனால் சான்றிதழின் பெயர் மாறியபோதெல்லாம் மேலே ஏறியவர் யார், கீழே நின்றுவிட்டவர் யார் என்ற கணக்கும் மாறியிருக்கிறது. பள்ளி ஆசிரியர்களாகிய நாம் அந்தக் கணக்கைத் தோழர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது; அதன் வாயிற்படியாக மெட்ரிகுலேஷன் தேர்வு அமைந்தது. பள்ளிக்கூடம் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமே விதித்தது. படிப்பு ஆங்கிலத்தில், தேர்வும் ஆங்கிலத்தில். அடுத்த படியான எஃப்.ஏ. தேர்வின் திறமை எத்தகையது என்பதற்குக் கும்பகோணமே சான்று. கணக்கில் உலகமே வியக்கும் மேதையாக வளர்ந்த இராமானுசன், பிற பாடங்களில் தேறாத குற்றத்திற்காக அந்தத் தேர்வில் இருமுறை தோற்றவர்! தகுதி, திறமை என்று நாள்தோறும் முழங்குவோர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1911-இல் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. உண்மையிலேயே நல்ல சீர்திருத்தம்தான். ஒருநாள் தேர்வை மட்டும் நம்பாமல், பள்ளியில் மாணவன் பெற்று வந்த மதிப்பெண்களையும் சான்றிதழ்ப் புத்தகத்தில் எழுதினார்கள். தேர்ச்சி, தோல்வி என்ற பட்டங்கூட இல்லை. பள்ளிப் படிப்பை முடித்தவர் என்று கையில் புத்தகம் கொடுத்தார்கள். ஆனால் முடித்தவர் எல்லோரும் கல்லூரிக்குத் தகுதி பெற்றவர் ஆகிவிடவில்லை. தகுதியாளர் பட்டியல் தனி! பள்ளியின் கதவைத் திறந்து வெளியே வந்தவனுக்கு எதிரே மற்றொரு கதவு. கதவுக்குப் பின் கதவு வைக்கும் கலை அன்றே தொடங்கிவிட்டது.

எஸ்.எஸ்.எல்.சி. வரை வரவே விடாமல் அடியிலேயே வெட்டும் முயற்சியும் நடந்தது. 1953-இல் முதலமைச்சர் ஆச்சாரியார், சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, மிச்சப் பொழுதில் பிள்ளை தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று நாடு அதை அடையாளம் கண்டது, எதிர்த்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் பள்ளி இறுதி வகுப்புவரை கட்டணமும் படிப்படியாக ஒழிந்தது.

கட்டணம் ஒழிந்தாலும் தொலைவு ஒழியவில்லையே! இண்டர்மீடியட் போய்ப் புகுமுக வகுப்பு, அதாவது பி.யூ.சி., வந்த பிறகும் அது கல்லூரியில்தான் நடந்தது. உடையார்பாளையம் வட்டத்துப் பிள்ளைக்குக் கும்பகோணம், சிதம்பரம், திருச்சி. 1965-இல் கல்லூரி பெற்ற பிறகு அரியலூர். விடுதிக்கட்டணம் கொடுக்க இயலாத உழவன் மகன் பதினோராம் வகுப்போடு நின்றான். மகள்? அவளை விடுதிக்கு அனுப்புவது பற்றிப் பேச்சே எழவில்லை. போய்ச் சேர்ந்தவனுக்கோ பெரும்பாலும் ஆங்கில வழிப் பாடம். பதினோரு ஆண்டு தமிழில் படித்தவன் ஒரே ஆண்டில் ஆங்கிலத்தில் விழுங்க வேண்டும்!

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு பொதுத் தேர்வு, அதன்பின் இரண்டாண்டு. முதல் பிளஸ் டூ தேர்வு 1980-இல் நடந்தது. ஏட்டில் பார்த்தால் பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு, பத்தும் இரண்டும் பன்னிரண்டு. கூட்டல் ஒன்றுதான்! ஆனால் கல்லூரியில் இருந்த வகுப்பு உள்ளூர்ப் பள்ளிக்கு நடந்து வந்துவிட்டது. பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாக உயர உயர, விடியலில் கொட்டை பொறுக்கிவிட்டு வந்த பெண்ணும் இயற்பியல் வகுப்பில் தமிழில் பாடங்கேட்டாள். நூறாண்டுத் தேர்வுச் சீர்திருத்தங்களில் சிற்றூர்ப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நன்மை செய்தது வேறில்லை என்பது நம் துணிபு. குறையும் உண்டு: முன்பு பள்ளி இறுதி வகுப்போடு ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாம், பின்னர் அதற்கும் பிளஸ் டூ வேண்டும் என்றாயிற்று. ஏணி நீண்டது, முதற்படியில் கிடைத்த வேலை மேற்படிக்குப் போய்விட்டது.

ஏழைப் பிள்ளை பிளஸ் டூ வரை ஏறி வந்துவிட்டான் அல்லவா? 1984-இல் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. நகரத்துப் பயிற்சி நிலையங்கள் செழித்தன. 2006-இல் ஆனந்தகிருஷ்ணன் குழு ஆராய்ந்தது; சட்டமியற்றப்பட்டு 2007 முதல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்ற அந்தப் பத்தாண்டில், ஆண்டிமடத்துத் தாளும் சென்னைத் தாளும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன. இடையில் 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் துணையோடு சமச்சீர்க் கல்வியும் நிலைபெற்றது.

2017-இல் நீட். மாநிலச் சட்டமன்றம் விலக்குக் கோரி இயற்றிய சட்டங்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. கல்வி 1976-இல் பொதுப்பட்டியலுக்குப் போனதன் விலை இது. நம் மாவட்டத்துக் குழுமூரில், சுமைதூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பிளஸ் டூவில் 1200-க்கு 1176 பெற்றிருந்தார். பழைய முறையில் மருத்துவத்திற்கான கணக்கு 200-க்கு 196.75, இடம் உறுதி. நீட் தேர்விலோ 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடினார். 2017 செப்டம்பர் 1 அன்று அவர் நம்மிடம் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு பொய்யா? மூன்று மணிநேரத் தேர்வு மட்டும் மெய்யா? நீதிபதி ஏ.கே.இராசன் குழு 2021-இல் தந்த அறிக்கையைப் பாருங்கள்: 2016-17-இல் மருத்துவக் கல்லூரி புகுந்தோரில் தமிழ்வழி மாணவர் ஏறக்குறைய 15 விழுக்காடு, 2020-21-இல் ஏறக்குறைய 2. அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020-இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்ததால் மூச்சுவிட ஓர் இடம் கிடைத்தது. அதற்குள் நுழையவும் நீட் எழுதியாக வேண்டும். 2021-இல் மீண்டும் இயற்றிய விலக்குச் சட்ட முன்வரைவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரலில் வந்தது.

இதனால் பள்ளியே நிறம் மாறுகிறது. தனியார் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு ஓட்டினார்கள். அதைத் தடுக்க 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. மூன்றாண்டு தொடர்ந்து மூன்று பொதுத் தேர்வு! அச்சுமையை 2025-இல் வெளிவந்த மாநிலக் கல்விக் கொள்கை நீக்கிற்று. தேர்வு போயிற்று, பாடத்தைத் தள்ளும் பழக்கம் திரும்புமா என்று பார்ப்பது இனி பெற்றோர் கழகங்களின் வேலை, நம் வேலையும்கூட.

அரியலூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 150 இடங்கள். அதன் அரங்கத்திற்கு 2023-இல் அனிதாவின் பெயர் சூட்டினார்கள். அக்கல்லூரிச் சேர்க்கையின் தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண் சேர்க்கப்படுவதில்லை.