ரிசீவரை வைத்தால் போதுமா? தந்திக் கம்பியிலிருந்து டெர்மினல் சேர்வர் வரை

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள். எங்கள் தவறு ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறோம்.

எங்கள் கணினி ஆய்வுகூடத்துக்கு அன்பளிப்பாகக் கிடைத்த பழைய சாமான்களில் 16 சீரியல் போர்ட் உள்ள டெர்மினல் சேர்வர் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் நெட்வேர்க் கேபிள். மறுபக்கம் சுவிட்ச்களின் கொன்சோலுக்குப் போகும் வயர்கள். சுவிட்சுக்குப் பக்கத்தில் போய்க் குந்தத் தேவையில்லை. மேசையிலிருந்தே டெல்நெட் மூலம் அந்தப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து எந்த சுவிட்சோடும் பேசலாம்.

கடந்த வாரம் ஒரு மாணவி அதில் இணைந்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், பாஸ்வேர்ட் கேக்கவே இல்ல. நேரா உள்ள போயிட்டுது."

முந்தைய நாள் அந்த சுவிட்சில் வேலை செய்தது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். வேலை முடிந்ததும் விண்டோவை மூடிவிட்டு வீட்டுக்குப் போனோம். லொக்அவுட் செய்யவில்லை. முழு அதிகாரமும் இரவு பூராவும் திறந்து கிடந்திருக்கிறது.

"விண்டோவ மூடினா முடிஞ்சதுதானே டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டியிருந்தது.

ஒரு காலத்தில் காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வரும் வெளிநாட்டுச் செய்திகளைக் கொழும்புப் பத்திரிகையான 'ஒப்சேவர்' புறாக்களின் காலில் கட்டி வரவழைத்தது. 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி வந்ததும் புறாக்களுக்கு வேலை போயிற்று. ஆனால் கம்பியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் முடித்தால்தான் மற்றவர் தொடங்கலாம். முடிந்ததா இல்லையா என்பதை இரு முனையிலும் இருந்த மனிதர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு அந்த மனிதர்களின் இடத்துக்கு இயந்திரம் வந்தது. பிரான்ஸின் எமில் போதோ 1874இல் காப்புரிமை பெற்ற தந்தி முறையின் நினைவாகத்தான் சீரியல் வேகத்தை இன்றும் 'போட்' என்கிறோம். அடுத்து வந்த டெலிடைப் இயந்திரங்களின் சுருக்கப் பெயர்தான் லினக்ஸ் கறுப்புத் திரையில் பிள்ளைகள் காணும் 'டிடிவை'.

அமெரிக்காவின் ஆர்பாநெட்டில் 1971இல் 'டிப்' என்ற பெட்டி வந்தது. சொந்தக் கணினி இல்லாத இடத்திலும் 63 டெர்மினல்கள் வரை அதில் பூட்டி, தூரத்துக் கணினிகளைப் பயன்படுத்தலாம். எங்கள் ஆய்வுகூடத்துப் பெட்டிக்கு அதுதான் மூத்தப்பா.

இங்கே 1990இல், பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியால் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 'லேர்ன்மெயில்' தொடங்கியது. டெலிபோன் வழியே மின்னஞ்சல். 1995இல் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவை வந்தது. அந்த டயல்-அப் நாட்களை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த நாங்கள் மறக்க மாட்டோம். காலி வீதியில் வரிசையாகக் 'கொமியூனிகேஷன்' கடைகள். யுத்த காலம். டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளையின் ஒரு வரிக்காகக் காத்திருக்கும் அம்மாக்கள், உம்மாக்கள். மோடம் கீச்சிட்டு, கடைசியில் 'பிஸி' டோன்.

அந்த 'பிஸி'க்குப் பின்னாலும் இதே வகைப் பெட்டிதான். அழைப்பை எடுக்கும் மோடம் ஒவ்வொன்றும் ஒரு சீரியல் போர்ட்டில் பூட்டியிருக்கும். ஒரு போர்ட், ஓர் ஆள். போனவரின் செஷன் மூடாமல் தொங்கினால் அந்த போர்ட் அடுத்தவருக்கு இல்லை.

ஆள் போய்விட்டதைப் பெட்டி எப்படி அறியும்? மோடத்திலிருந்து வரும் ஒரு தனி வயர் சொல்லும். மறுமுனையில் ரிசீவரை வைத்தால் அந்த வயரில் சமிக்ஞை விழும். உடனே யூனிக்ஸ் 'சிக்ஹப்' என்ற அறிவிப்பை அனுப்பி ஆளை வெளியேற்றும். அதில் 'ஹப்' என்பது ஹேங்கப், டெலிபோனை வைப்பது. அந்த வயர் இல்லாவிட்டால், அல்லது அமைப்புப் பிழைத்தால், அடுத்து அழைப்பவர் முன்னவரின் செஷனுக்குள்ளேயே போய் விழுவார். ஒரு தாய்க்கு வந்த கடிதம் இன்னொருவர் கண்ணில் படும்.

எங்களுக்கு நடந்ததும் அதுதான். நாங்கள் மூடியது மேசைக்கும் பெட்டிக்கும் இடையிலான நெட்வேர்க் இணைப்பை மட்டுமே. பெட்டிக்கும் சுவிட்சுக்கும் இடையிலான சீரியல் வயரில் ஒன்றும் மாறவில்லை. சுவிட்சைப் பொறுத்தவரை நாங்கள் இன்னும் அங்கேயே குந்தியிருந்தோம். வழக்கமாக 10 நிமிடம் சும்மா இருந்தால் அதுவே வெளியேற்றிவிடும். பாடம் இடையில் அறுந்துபோகக் கூடாதென்று அந்த நேரத்தைப் பூச்சியமாக்கி வைத்தவர்களும் நாங்களே. பூச்சியம் என்றால் ஒருபோதும் வெளியேற்றாதே என்று அர்த்தம்.

இப்போது மூன்று விடயங்களை மாற்றியிருக்கிறோம். ஒன்று, சுவிட்சில் முதலில் லொக்அவுட்; லொகின் கேட்பதைக் கண்ணால் பார்த்த பிறகே விண்டோவை மூடுவது. இரண்டு, சும்மா இருக்கும் நேரத்துக்குத் திரும்பவும் எல்லை. மூன்று, டெல்நெட்டில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் போவதால், பெட்டிவரை எஸ்எஸ்எச் மூலம் மட்டுமே இணைவது.

பாஸ்வேர்ட் என்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைத் திறந்து போட்டுவிட்டுப் போனவர்கள் நாங்கள் என்பதைப் பிள்ளைகள் முன்னால் சொன்னோம். வெட்கமாகத்தான் இருந்தது. அந்த மாணவி நினைத்திருந்தால் எதையும் மாற்றியிருக்கலாம். அவள் கையை எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டாள். அன்றைய பாடத்தை அவள்தான் நடத்தினாள்.

காலி வீதிக் கொமியூனிகேஷன் கடைகளில் காத்து நின்றவர்கள் யாரும் இதை வாசித்தால், உங்கள் ஞாபகங்களையும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.