அம்மிக்கல்லுக்கு மாத வாடகை!

உங்கள் வீட்டு அம்மிக்கல்லைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாட்டி காசு கொடுத்து வாங்கியது. அம்மா அரைத்தார். மிக்ஸி வந்தபிறகு கொல்லைப்புறத்தில் கிடந்தாலும், கரன்ட் போனால் இன்றைக்கும் சட்னிக்கு உதவும். ‘இந்த மாசம் பணம் கட்டலையே... கல்லை எடுத்துட்டுப் போறேன்’ என்று யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

2013 மே 6-ம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஒரு மாநாட்டில், உலகம் முழுக்கப் படங்களை வைத்துப் பிழைக்கிறவர்களிடம் ஒரு கம்பெனி கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது. ‘இனி புதுக் கல் விற்பனைக்கு இல்லை. வாடகைக்கு மட்டும்தான்!’

கம்பெனியின் பெயர் அடோபி. கல்லின் பெயர் போட்டோஷாப்.

கதையை ஆரம்பத்தில் இருந்தே பார்த்துவிடலாம்.

1987. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் நோல் என்ற இளைஞர் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவரிடம் இருந்த மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் திரைக்குத் தெரிந்தது இரண்டே நிறம்... கறுப்பு, வெள்ளை. நடுவே வரும் சாம்பல் நிறங்களைக் காட்ட அதற்கு வக்கில்லை. தாமஸ், புள்ளிகளை நெருக்கியும் கலைத்தும் வைத்து, கண்ணுக்குச் சாம்பல் நிறம்போலத் தெரிகிற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அதற்கு ‘டிஸ்ப்ளே’ என்று பெயரும் வைத்தார்.

அவருடைய தம்பி ஜான் நோல் வேலை பார்த்த இடம், ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களுக்கு மாயாஜாலக் காட்சிகள் செய்துகொடுத்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக். அண்ணனின் புரோகிராமைப் பார்த்ததுமே தம்பிக்குப் பொறி தட்டிவிட்டது. ‘இதை இன்னும் பெரிசா பண்ணுண்ணா, விற்கலாம்’ என்று விரட்ட ஆரம்பித்தார். இவர்களுடைய அப்பாவுக்கும் போட்டோ பைத்தியம் உண்டு. வீட்டின் நிலவறையிலேயே இருட்டறை வைத்திருந்தவர். படம் கழுவும் வாசனையிலேயே வளர்ந்த பிள்ளைகள், அந்த இருட்டறை வேலைகளை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார்கள்.

முதலில், ஒரு ஸ்கேனர் கம்பெனி தன் மெஷினோடு சேர்த்துச் சுமார் 200 பிரதிகள் கொடுத்தது. பிறகுதான் அடோபி வந்தது. ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தைவிட்டு வெளியே வந்த ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி என்ற இருவர் 1982-ல் தொடங்கிய கம்பெனி அது. வார்னாக் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயரையே கம்பெனிக்கும் வைத்துவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நோல் சகோதரர்கள் போட்டோஷாப்பை அப்போது அடோபிக்கு விற்கவில்லை! விநியோகம் செய்யும் உரிமையை மட்டும் கொடுத்தார்கள். விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் ராயல்டி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1990 பிப்ரவரியில் போட்டோஷாப் முதல் பதிப்பு வெளியானது. 1994-ல் வந்த மூன்றாம் பதிப்பில் ‘லேயர்’ வசதி. கண்ணாடித் தாள்களை அடுக்கினமாதிரி, ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைத்து வேலை செய்யலாம். அவ்வளவுதான்... பத்திரிகை அட்டை, சினிமா போஸ்டர், கல்யாண ஆல்பம் என்று எல்லாமே மாறிப்போனது. ஒரு சாஃப்ட்வேரின் பெயரே வினைச்சொல் ஆனது. இன்றைக்கு ஒரு படத்தின்மேல் சந்தேகம் வந்தால், ‘போட்டோஷாப் பண்ணியிருக்கான்’ என்றுதானே சொல்கிறோம்!

விலை? 2012-ல் வந்த சி.எஸ்.6 பதிப்பு, பெட்டியில் 699 டாலர். நிறைய பேர் திருட்டுக் காப்பியில் வேலை பார்த்தார்கள். பணம் கொடுத்து வாங்கியவர்களோ, ‘பழசே போதும்’ என்று நாலைந்து வருஷம் ஓட்டினார்கள். அடோபியின் தலைவலி அதுதான். புதுப் பதிப்பு வந்தால் பணம் கொட்டும். இல்லாவிட்டால் வறட்சி. 2008-ல் சுமார் 358 கோடி டாலராக இருந்த வருமானம், பொருளாதார மந்தத்தில் 2009-ல் 295 கோடியாகச் சரிந்தது. கையில் காசு குறைந்ததும் ஜனங்கள் முதலில் தள்ளிப்போட்டது புதுப் பதிப்பு வாங்குவதைத்தான்.

2007 டிசம்பரில் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர், ஹைதராபாத்தில் பிறந்த ஷாந்தனு நாராயண். அவர் காலத்தில்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டது. பெட்டி வேண்டாம், மாதச் சந்தா போதும். போட்டோஷாப் மட்டும் என்றால் மாதம் சுமார் 20 டாலர். எல்லா சாஃப்ட்வேரும் சேர்த்து என்றால் சுமார் 50 டாலர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 மாதத்தில் பெட்டியின் விலை வந்துவிடுகிறது. 36-வது மாதம்? பெட்டி வாங்கியவனுக்குச் செலவு இல்லை. சந்தாக்காரனுக்கு மறுபடியும் 20 டாலர்!

கொதித்துப்போனார்கள். பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். 2013-ல் அடோபியின் வருமானமே 440 கோடியில் இருந்து 406 கோடியாக இறங்கியது. ‘கம்பெனி காலி’ என்று ஜோசியம் சொன்னவர்களும் உண்டு. அடோபி அசரவில்லை. போட்டோகிராபர்களுக்கு மட்டும் மாதம் 10 டாலர் என்று ஒரு தனித் திட்டத்தை நீட்டிச் சமாதானம் செய்தது. 2024-ல் அதன் வருமானம் எவ்வளவு தெரியுமா? 2,150 கோடி டாலர்!

நியாயமாகப் பேசினால், இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 700 டாலரை ஒரே மூச்சில் புரட்ட முடியாத மாணவன், ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டி வேலையை முடித்துக்கொள்ள முடிகிறது. புது வசதிகளுக்காக ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டாம். தவிர, பெட்டியில் வாங்கியதும் அம்மிக்கல் மாதிரி நிரந்தரம் இல்லை. கம்ப்யூட்டர் மாறினால், பழைய சாஃப்ட்வேர் ஓடாமல் போகும்.

அப்புறம் என்ன பிரச்னை என்கிறீர்களா?

2019 அக்டோபர். வெனிசுவேலாவில் இருந்த அடோபி வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. ‘அமெரிக்க அதிபர் போட்ட தடை உத்தரவின்படி, 28-ம் தேதியோடு உங்கள் கணக்குகள் மூடப்படும்.’ கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்றும் முதலில் சொல்லப்பட்டது. யோசித்துப் பாருங்கள்... கராகஸில் உட்கார்ந்து லோகோ வரைந்து, அந்த வருமானத்தில் வீட்டுக்கு அரிசி, பருப்பு வாங்குகிற ஒருவர். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. மாதாமாதம் ஒழுங்காகப் பணம் கட்டியவர். இரண்டு அரசாங்கங்களின் சண்டையில், அவர் கையில் இருந்த கருவி பறிபோக இருந்தது!

நல்லவேளையாக, அமெரிக்க அரசிடம் சிறப்பு அனுமதி கிடைத்து, கெடு முடிகிற நேரத்தில் அடோபி அந்த முடிவைக் கைவிட்டது. ஆனால், ஒரு பாடம் மிச்சம் இருந்தது. வாங்கியதைப் பிடுங்க, வீடு தேடி ஆள் வர வேண்டும். வாடகைக்கு எடுத்ததைப் பிடுங்க, எங்கோ தூரத்தில் ஒரு சுவிட்ச் போதும்.

வாடகை வீட்டைக் காலி செய்வதும் லேசாக இல்லை. ‘வருஷ ஒப்பந்தம், மாதத் தவணை’ என்ற திட்டத்தில் சேர்ந்தவர்கள் நடுவில் விலகினால் அபராதம் உண்டு என்பதைச் சரியாகச் சொல்லாமல் மறைத்ததாக, 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபிமீது வழக்குப் போட்டது. குற்றச்சாட்டை அடோபி மறுத்தது.

இதெல்லாம் புதுசும் இல்லை. ஒரு காலத்தில் ஐ.பி.எம். கம்பெனி தன் மெஷின்களை வாடகைக்குத்தான் விட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்க அரசு வழக்குப் போட்டு, 1956-ல் ஓர் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தது. ‘வாடகைக்கு விடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், காசு கொடுத்து வாங்க நினைக்கிறவனுக்கு விற்கவும் செய்!’ இரண்டு வழியையும் திறந்து வை என்பதுதான் அதன் சாரம். 2013-ல் போட்டோஷாப்காரர்கள் கேட்டதும் அதைத்தான். அன்றைக்கு ஐ.பி.எம்-மிடம் கேட்க ஓர் அரசு இருந்தது. இவர்களுக்கு மனுதான் இருந்தது.

ஆரம்பத்தில் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே... நோல் சகோதரர்கள் போட்டோஷாப்பை அடோபிக்கு விற்கவில்லை, ஒவ்வொரு பிரதிக்கும் ராயல்டி வாங்கினார்கள் என்று? அப்படியே எத்தனை நாள் கட்டிக்கொண்டிருக்க முடியும்? 1995-ல் அடோபி ஒரு முடிவுக்கு வந்தது. மொத்தமாக 3 கோடியே 45 லட்சம் டாலரைக் கொடுத்து, போட்டோஷாப்பைத் தன் சொந்தமாகவே வாங்கிப் போட்டுவிட்டது.

சொந்தமாக வாங்குவதன் அருமை அடோபிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது!