வயலின், தவில், மைக்: குன்னக்குடி வைத்தியநாதனின் ஒலிப்பதிவுகள் குறித்து

குன்னக்குடி வைத்தியநாதனைப் (1935–2008) பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் அவருடைய மேடையைப் பற்றியவை. நெற்றி நிறைந்த விபூதி, பெரிய குங்குமப் பொட்டு, வில்லோடு சேர்ந்து பேசும் முகம், சபையோர் கேட்டால் ஒரு சினிமாப் பாட்டு. இவற்றை வைத்தே ஜனரஞ்சகக் கலைஞர் என்று முத்திரை குத்திக் கணக்கை முடித்துவிட்டார்கள். வலையப்பட்டி ஏ.ஆர். சுப்பிரமணியத்தின் தவிலோடு அவர் வாசித்த வயலின் பதிவுகளைச் சோதனை இசையாக, அதிலும் சேம்பர் இசையாக வைத்துக் கேட்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு சிலர் கூடி, தலைமை தாங்குவோர் இல்லாமல், ஆளுக்கொரு குரலாக வாசிப்பதே சேம்பர் இசை என்றால், இந்த ஜோடிக்கு அப்பெயர் தாராளமாகப் பொருந்தும்.

காரைக்குடிக்குச் சில மைல் சுற்றுவட்டத்துக்குள்ளேயே, அரியக்குடி, குன்னக்குடி (குன்றக்குடி) என்ற இரு ஊர்களில், இவ்வாதத்தின் இரு முனைகளும் உள்ளன. வர்ணத்தில் தொடங்கித் துக்கடாவில் முடியும் இன்றைய கச்சேரிப் பத்ததியை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). அப்பத்ததியில் வயலினுக்கு உரிய வேலை, பாடுபவரின் நிழலாகப் பின்தொடர்வது. சிறுவன் வைத்தியநாதன் அரியக்குடிக்கே பக்கவாத்தியம் வாசித்தவர். 1970களின் நடுவில் பக்கவாத்தியத்தை விட்டுத் தனி வாசிப்புக்கு வந்தார். பாட்டில்லாமல் வாத்தியங்களே பேசும் கச்சேரிக்கு அதற்கு முன்பே உதாரணம் உண்டு: 1966 முதல் லால்குடி ஜெயராமன், புல்லாங்குழல் என். ரமணியோடும் வீணை ஆர். வெங்கட்ராமனோடும் சேர்ந்து வாசித்தது. ஆனால் அந்த மூன்றும் ஒரே கூடத்தில் உட்காரத் தக்க வாத்தியங்கள். தவில் அப்படியல்ல.

தவில் பலா மரத்தில் குடைந்தது. வலப்பக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், இடப்பக்கமான தொப்பியில் கழி. கோயில் பிராகாரத்திலும் சுவாமி புறப்பாட்டிலும் தெருக்கோடிவரை கேட்பதற்கென்று அமைந்த ஓசை. மிருதங்கத்தைப் போலச் சுருதியோடு இழைவதும் இல்லை. கணுக்காலில் தலை சாய்த்து மடியில் கிடக்கும் வயலின் அதன் பக்கத்தில் மைக் இல்லாமல் ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்காது. மெல்லிய வில்லோட்டம் முழுவதும் அமுங்கிப்போகும். ஆகவே இந்த ஜோடியே மைக்கால் பிறந்தது. ஒலிப்பதிவில் இது இன்னும் துலக்கமாகிறது. வயலின் பெரிதாகி, விரல் தந்தியில் வழுக்கும் சத்தமும் வில் கடிக்கும் சத்தமும் காதருகே வருகின்றன. தவிலோ ஒரு முழ தூரத்துக்கு ஒடுங்கிவிடுகிறது. இயற்கையில் எந்த அறையிலும் கிடைக்காத அளவுப் பொருத்தம் இது. என் கணிப்பில் குன்னக்குடியின் உண்மையான சோதனை இதுதான். ராகத்தில் அவர் அவ்வளவு துணிந்தவர் அல்லர்.

வாசிப்பும் இதற்கேற்ப மாறுகிறது. தவிலின் சொற்கள் இடைவெளியெல்லாம் அடைத்துக்கொள்வதால் நீண்ட கார்வைகள் குறைகின்றன. வில் துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. வழக்கமாகத் தனியாவர்த்தனத்தில் இரு தாளவாத்தியங்களுக்குள் நடக்கும் குறைப்பு இங்கே தந்திக்கும் தோலுக்கும் இடையில் நடக்கிறது. வயலின் சொல்கட்டுகளை வாசிக்கிறது, தவில் அதற்கு மறுமொழி தருகிறது. கமகம் இழைய நேரம் போதாமல் போவது இதற்குக் கொடுக்கும் விலை. சில இடங்களில் அந்த விலை அதிகம்தான்.

தவிலை நாகஸ்வரத்திடமிருந்து பிரித்துத் தந்தி வாத்தியத்தோடு சரிசமமாக உட்கார வைத்ததில் ஒரு சமூகச் செய்தியும் இருக்கிறது. செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளிலும் குன்றக்குடி மலைக்கோயிலிலும் தவிலின் இடம் நாகஸ்வரத்தோடு கூடிய பெரிய மேளம். சபாவின் இடம் வேறு, சாதியும் வேறு. இதே மண்ணின் அண்ணாமலை செட்டியார் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கம், 1943இல் தமிழ் இசைச் சங்கம்வரை வளர்ந்தபோது, சாகித்தியத்தின் மொழிக்காகவே முதன்மையாக வாதாடியது. எந்த வாத்தியம் எதன் பக்கத்தில் உட்காரலாம் என்ற கேள்வி அந்த அளவுக்கு எழவில்லை.

உலக அரங்கில் இந்த வயலின்–தவில் சோதனைக்கு உறவுகள் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் லூ ஹாரிசன் 1959இல் முடித்த படைப்பு, வயலினுக்கு எதிரே தாளவாத்தியக் குழுவை மட்டும் நிறுத்துகிறது. ஜான் கேஜ் 1977இல் தொடங்கிய ‘ஃப்ரீமன் எட்யூட்ஸ்’ தனி வயலினை மனிதக் கை எட்டும் எல்லைக்கே துரத்துகிறது. எல். சங்கரின் வயலின் 1976இல் வெளிவந்த ‘சக்தி’ இசைத்தட்டில் ஜான் மெக்லாஃப்ளினின் கிட்டாரோடும் தபலா, கடம், மிருதங்கத்தோடும் பேசியது. ஹாரிசனுக்கும் கேஜுக்கும் அச்சிட்ட இசைப்பிரதி இருக்கிறது; பதிவு அதன் ஒரு வாசிப்பு மட்டுமே. குன்னக்குடிக்குப் பிரதி கிடையாது, பதிவே மூலம். எனவே ஊடகத்தின் நீளமும் இசையின் வடிவத்துக்குள் வந்துவிடுகிறது. எல்பி தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது. ஆலாபனை சுருங்கியதற்கு ரசிகனின் பொறுமையின்மையை மட்டும் காரணம் காட்ட முடியாது.

வித்தை காட்டுகிறார் என்ற குற்றச்சாட்டை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. பறவைக் குரல்களும் சினிமா மெட்டுகளும் நிறைந்த பதிவுகளில் தேறாதவை ஏராளம். ஆனால் அந்தப் போலச்செய்தலும் மைக்கை நம்பியே நடக்கிறது என்பதை வசை பாடியவர்கள் கவனிக்கவில்லை. ‘வா ராஜா வா’ (1969) தொடங்கி ‘அகத்தியர்’ (1972), ‘ராஜராஜ சோழன்’ (1973) எனத் திரைப்படங்களுக்கு இசையமைத்த மனிதர், கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் ஒரு விசையைத் திருப்பினால் என்ன ஆகும் என்று நன்றாகவே அறிந்திருப்பார். அவரையும் வலையப்பட்டியையும் சமநிலையில் நிறுத்தியதில் அந்த ஒலிப்பதிவாளர்களுக்கும் பங்குண்டு. கேசட் உறைகளில் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களைத் தேடுவதுபோல இனி அவர்களின் பெயர்களையும் தேடியாக வேண்டும்.