நடுக்கடலில் ஒரு ஹெர்குலிஸ்



விமானந்தாங்கிக் கப்பல் மாதக்கணக்கில் கரை பக்கமே வராது. நடுவில் உதிரிபாகம் தேவைப்பட்டால்? வீட்டுக் கடிதங்கள்? இதற்கென்றே அமெரிக்கக் கடற்படை சின்னச் சின்ன சரக்கு விமானங்களை வைத்திருந்தது.

1963-ல் ஒரு யோசனை. சின்ன விமானம் எதற்கு, நான்கு என்ஜின் சி-130 ஹெர்குலிஸையே இறக்கிப் பார்த்தால் என்ன? ஜேம்ஸ் பிளாட்லி என்ற விமானி, அட்லாண்டிக் கடலில் ஃபாரஸ்டல் கப்பல்மேல் இறக்கியே காட்டிவிட்டார்! இறக்கையின் மொத்த நீளம் 40 மீட்டர். கப்பலின் கோபுரத்துக்கும் இறக்கை நுனிக்கும் நடுவே சுமார் 4.5 மீட்டர்தான். கம்பியில் மாட்டி நிறுத்தும் கொக்கிகூடக் கிடையாது. அப்படியும் 21 முறை இறங்கி நின்றது, 21 முறை தானாகவே கிளம்பியது.

ஜெயித்தாயிற்று அல்லவா? இல்லை, திட்டத்தையே கைவிட்டார்கள். தினசரி வேலைக்கு ஆபத்து அதிகம். அதோடு, நாங்கள் வகுப்பில் படிக்கும் 'வாய்ப்புச் செலவு' இங்கேயும் உண்டு: ஹெர்குலிஸ் இறங்க வேண்டுமானால் போர் விமானங்கள் மொத்தத் தளத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

வேலை, 1964-ல் முதலில் பறந்த சி-2 கிரேஹவுண்டுக்குப் போனது. சுமப்பது சுமார் 4.5 டன்தான். ஆனால் இறக்கையை மடித்து ஓரமாக நிறுத்தலாம். அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. ஆபத்து மட்டும் முழுதாகப் போகவில்லை. 2017 நவம்பரில் ஒரு கிரேஹவுண்ட் பிலிப்பைன் கடலில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள்.

கடிதம் கொண்டுபோகிற விமானம்தானே என்று இனி சாதாரணமாக நினைக்க முடியவில்லை.