வெறுங்கை

பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம்மிடையே ஒரு விதி. ஒரு எலுமிச்சம்பழம் போதும்; கை காலியாக இருக்கக் கூடாது. லஞ்சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த விதியைத்தான் முதலில் சாட்சிக்கு இழுக்கிறார்கள். நம் பண்பாடே அப்படி, சட்டம் என்ன செய்யும் என்கிறார்கள். இந்த வாதத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு.

1752இல் கோவளம் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தவன் ராபர்ட் கிளைவ். ஐந்து வருஷம் கழித்து, பிளாசிக்குப் பின், மீர் ஜாபரிடம் அவன் பெற்ற ‘அன்பளிப்பு’ சுமார் 2,34,000 பவுன். கம்பெனி ஊழியர்களின் ஊழல் விவகாரம் 1772இல் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அவன் சொன்ன சமாதானம் இது: கீழோன் மேலோனைப் பார்க்க வெறுங்கையோடு வராதது அந்த நாட்டின் தொன்றுதொட்ட வழக்கம், நவாபிலிருந்து கடைசி மனிதன் வரை அப்படித்தான்.

வழக்கம் உண்மைதான். ஆனால் எலுமிச்சம்பழத்துக்கும் கஜானாவுக்கும் ஒரே பெயரை வைத்தது வாங்கியவனின் கை. கோவளம் கோட்டையைத் தகர்த்துவிட்டார்கள். கிளைவின் சமாதானம் இடியாமல் நிற்கிறது. ‘மாமூல்’ என்கிறோம். அரபியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு ‘வழக்கமானது’ என்றே பொருள். அந்தப் பெயரில் கொடுப்பவனுக்கும் கூச்சமில்லை, வாங்குபவனுக்கும் இல்லை. 1988இன் ஊழல் தடுப்புச் சட்டமும், கொடுப்பதைத் தனிக் குற்றமாகவே வைத்த 2018 திருத்தமும் இந்தச் சொல்லைத் தாண்டி உள்ளே போக முடியாமல் திணறுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

பண்பாட்டை வேறு விதமாகவும் பார்க்கலாம். கோவளத்தைப் போலவே பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் வருஷக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடவோலையில் ஏறக் கூடாது என்கிறது. அவனோடு நிற்கவில்லை. தகப்பன், மகன், மாமனார், மைத்துனன், மருமகன், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள் என்று முறை சொல்லி அத்தனை பேரையும் விலக்குகிறது. உறவுப் பாசம் தவறென்று அது உபதேசிக்கவில்லை. பணம் எந்த வழியாக ஓடும் என்று தெரிந்து, அந்த வழியை அடைக்கப் பார்க்கிறது.

நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உள்ள பிராமணர்களுக்கே அந்தச் சபையில் இடம். இதை மறந்து ஜனநாயகப் பெருமை பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் தன் மனிதர்களின் பலவீனம் எதுவென்று தெரிந்துகொண்டு விதி எழுதிய நேர்மை அதில் இருக்கிறது. நாம் கல்வெட்டைப் பாடப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, சமாதானத்தை மட்டும் கிளைவிடமிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.