வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம் (1996)

வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத் தோல் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து, அரசமைப்பின் 32ஆம் உறுப்பின்கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகி, உப்பும் குரோமியமும் கலந்த கழிவாக வெளியேறியது. கிணறுகள் கெட்டன, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, 21ஆம் உறுப்பின் வாழ்வுரிமையைச் சான்றாக்கி, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். கண்காணிப்புப் பொறுப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. உழவர் உரிமையைக் காத்த மகத்தான தீர்ப்பு இது. ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.