திருவல்லிக்கேணியில் யார் எங்கே சாப்பிட்டார்கள்

2010இல் பொறியியல் பட்டத்தோடும் ஒரு ரெக்சின் பையோடும் நான் சென்னைக்கு வந்தபோது, ஊரில் எல்லோரும் சொல்லி அனுப்பியது ஒரே முகவரிதான்: திருவல்லிக்கேணி மேன்ஷன். தெருப் பெயர்கூடச் சொல்லவில்லை. "பஸ்ஸ விட்டு எறங்கி யாரையாவது கேளு, கொண்டுபோயி விட்டுருவாங்க" என்றார் மாமா. அவரும் அப்படித்தான் வந்திருந்தார், எண்பதுகளில், டிஎன்பிஎஸ்சி எழுத.

அறையில் மூன்று கட்டில்கள். கட்டில்களுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். மேனேஜர் நோட்டைத் திறந்து பெயர் எழுதினார், அப்பா பெயர் எழுதினார். "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊருக்குள்ளயா, வெளியவா?" என்றார். பேனா தாளுக்கு மேலே காத்திருந்தது. அந்தக் கேள்விக்கு நோட்டில் கட்டம் எதுவும் கிடையாது. நான் "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று உளறினேன். அவர் சிரித்துக்கொண்டே அறை எண்ணை எழுதினார். ரூம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பேனா காத்திருந்த இரண்டு நொடிகளை நான் மறக்கவில்லை. அந்த இரண்டு நொடிக்கு நூறு வருட வரலாறு இருக்கிறது என்பது ரொம்பப் பிறகுதான் தெரிந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கட்டடங்களைப் பற்றிச் சொல்வார்கள். சிஷோம் கட்டிய செனட் ஹவுஸ், மாநிலக் கல்லூரியின் குவிமாடம், எதிரே கடல். எனக்கு இதில் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து உருவாக்கப்பட்டபோது இந்தப் பல்கலைக்கழகம் பாடமே நடத்தவில்லை. தேர்வு வைக்கும், பட்டம் தரும், அவ்வளவுதான். பாடம் நடத்தும் அதிகாரத்தைத் தந்ததே 1904இல் வந்த சட்டம். அதாவது, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு 'சென்னைப் பல்கலைக்கழக மாணவன்' என்றால், ஏதோ ஒரு கல்லூரியில் படித்து, ஏதோ ஒரு தெருவில் தங்கி, ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் மனப்பாடம் செய்து, தேர்வன்று அந்தப் பெரிய மண்டபத்துக்குள் நுழைபவன். மீதி நாளெல்லாம் அவனுடைய பல்கலைக்கழகம் தெருதான். மாநிலக் கல்லூரி 1870இல் கடற்கரைக் கட்டடத்துக்கு வந்தபிறகு, அந்தத் தெருக்களில் பெரும்பாலானவை திருவல்லிக்கேணித் தெருக்கள்.

தெரு எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை.

ராமானுஜனை எடுத்துக்கொள்வோம். கல்லூரித் தேர்வில் தோற்று, வேலை தேடி சென்னையில் அலைந்த 1910, 1911 காலத்தில் அவர் தங்கிய இடங்களைப் பட்டியல் போட்டால், பொறியியல் முடித்து 'பெஞ்ச்'கூட கிடைக்காமல் திரியும் பையனின் பட்டியல் மாதிரியே இருக்கும். விக்டோரியா மாணவர் விடுதியில் நண்பரின் அறை. பிறகு, மாணவர்கள் சேர்ந்து தங்கியிருந்த, திருவல்லிக்கேணி சுவாமிப் பிள்ளை தெருவின் 'சம்மர் ஹவுஸ்'. 1912இல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. 1913இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. அப்போது குடும்பத்தோடு அனுமந்தராயன் கோயில் தெருவுக்குக் குடிபோனார். வறுமை நிஜம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வறுமையிலும் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் உள்ளே கூப்பிட்டு இலை போடுவார்கள், யாருடைய அறையிலாவது பாய் விரித்துக்கொள்ளலாம். பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஓர் ஐயங்கார் பையனுக்கு அந்த வசதி இருந்தது. அதை அவரும் நண்பர்களும் ஒரு வசதியாகவே கவனித்திருக்க மாட்டார்கள். கிடைத்துக்கொண்டே இருக்கும் ஒன்றை யார்தான் கவனிக்கிறார்கள்?

1914இல் அவர் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே டிரினிட்டி கல்லூரியின் உணவுக்கூடச் சாப்பாட்டை அவரால் தொட முடியவில்லை. தன் அறையில் தானே சமைத்துக்கொண்டார். உலகத்தின் பெரிய கணித மேதைகளில் ஒருவர், கல்லூரிச் சாப்பாட்டு மேசையில் தனக்கு இடமில்லாமல் அறைக்குள் ரசம் வைத்துக்கொண்டிருந்தார் என்பதைப் படிக்கும்போது எல்லோருக்கும் மனம் கலங்கும். எனக்கும் கலங்கியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. அதே காலத்தில், அதே திருவல்லிக்கேணியில், கடல் தாண்டாமலே அந்த நிலையில் இருந்த மாணவர்கள் எத்தனை பேர்?

அவர்களுக்காக யோசித்தவர் ஒரு டாக்டர். சி. நடேசன். நடேசனார் என்றுதான் பிறகு எழுதினார்கள். திருவல்லிக்கேணிக்காரர், 1875இல் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். 1912இல் சென்னை ஐக்கிய சங்கம் என்று ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. அது சீக்கிரமே திராவிடர் சங்கம் என்று பெயர் மாறியது. அதன் முக்கியமான ஆள் நடேசனார். அவர் கண்ணில் பட்டது ரொம்பச் சாதாரணமான ஒரு சிக்கல். வெளியூரிலிருந்து படிக்க வரும் பிராமணரல்லாத பையன்களுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது, ஆனால் தங்குவதற்கு இடம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிவதில்லை.

எண்களைப் பார்த்தால் இதன் அளவு புரியும். 1914இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்த பட்டதாரிகள் 650 பேர். அதில் பிராமணர்கள் 452, பிராமணரல்லாத இந்துக்கள் 124, மற்றவர்கள் 74. மாகாண மக்கள்தொகையில் பிராமணர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். இந்த எண்களை நாம் வழக்கமாக 'வாய்ப்பு', 'கல்வி', 'பிரதிநிதித்துவம்' என்ற பெரிய சொற்களால் விளக்குகிறோம். நடேசனார் மருத்துவர் என்பதாலோ என்னவோ, வயிற்றிலிருந்து தொடங்கினார். 1916இல் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்ற மாணவர் விடுதியைத் திறந்தார். அது அக்பர் சாயபு தெருவில் இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். படுக்க இடம், படிக்க வெளிச்சம், யாரும் யாரையும் தள்ளி உட்காரச் சொல்லாத ஒரு பந்தி. பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர் என்று திராவிட இயக்க வரலாறுகள் சொல்கின்றன.

அதே 1916 நவம்பரில் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் உருவானது. நாம் நீதிக்கட்சி என்று அறிவது. டி.எம். நாயர், தியாகராயர், நடேசனார் என்று மூவரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். முதல் இருவரும் பெரிய மனிதர்கள், ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள். அவர்களைச் சேர்த்து உட்காரவைத்ததில் நடேசனாருக்குப் பங்குண்டு என்பார்கள். பாடப்புத்தகத்தில் அறிக்கையும் தேர்தலும் வரும். விடுதி ஒரு வரியில் போய்விடும், சில சமயம் அதுவும் கிடையாது. எனக்கு விடுதிதான் கதையின் கனமான பகுதி என்று தோன்றுகிறது. அறிக்கையைப் படித்துக் கட்சிக்கு வந்தவர்களைவிட, ராத்திரி ஒரே பந்தியில் உட்கார்ந்து பேசிப் பேசி அரசியலுக்கு வந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்களா? ஹாஸ்டலில் இருந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். (என்னுடைய அரசியலில் பாதி, நாலாம் செமஸ்டரில் மெஸ் பில்லைப் பற்றிப் போட்ட சண்டையில் வந்தது.)

திராவிடர் இல்லம் நீண்டநாள் ஓடவில்லை. காசு பற்றவில்லை. விடுதி நடத்துவது கூட்டம் நடத்துவது மாதிரி இல்லை, தினமும் மூன்று வேளை அரிசி வேகவேண்டும்.

விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஓட்டல் இருந்ததே என்று கேட்கலாம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்கு அந்த ஓட்டல்கள் எப்படி இருந்தன என்று தெரியும். காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்திலும் உட்காரும் இடம் சாதியைப் பொறுத்தது. தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் 'பிராமணாள்', 'இதராள்' என்று பிரித்த பலகைகள் இறங்கியது 1941இல்தான், பெரியாரின் தொடர்ந்த பிரச்சாரத்துக்குப் பிறகு. 1950இல் அரசியலமைப்புச் சட்டம் ஓட்டலுக்குள் நுழைவதைச் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்றது. கதவு திறந்தது. பலகையில் அந்தச் சொல் பல இடங்களில் அப்படியே இருந்தது.

அதில் ஒன்று திருவல்லிக்கேணியில், பல்கலைக்கழகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில். முரளி கஃபே. 1957 மே மாதம் பெரியார் அதன் முன்னால் மறியலைத் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் வருவார்கள், 'பிராமணாள்' என்ற சொல்லை எடு என்பார்கள், கைதாவார்கள். மறுநாள் வேறு தொண்டர்கள். மாதக்கணக்கில் நடந்து, 1958இல்தான் முடிவுக்கு வந்தது. அந்தச் சொல் பலகையிலிருந்து போனது.

இதைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போது ஒரு வாதம் வரும். "அது சைவச் சாப்பாடு, சுத்தம் என்பதற்கான குறி. யாரையும் உள்ளே வரவேண்டாம்னு சொல்லலையே?" இந்த வாதத்தை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். அப்படி நினைத்துத்தான் பல கடைக்காரர்கள் அந்தச் சொல்லை எழுதியிருப்பார்கள், அதில் கெட்ட எண்ணம் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் சுத்தம் என்பதற்கு ஒரு சாதியின் பெயரை எழுதினால், உள்ளே போய் உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிடும் மற்றவன் யார்? அசுத்தமா? அவன் இட்லியை விழுங்கும்போது தலைக்கு மேலே அந்தக் கேள்வியும் தொங்கும். சட்டம் நாற்காலியைத்தான் கொடுத்தது.

பெண்களைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1914இலேயே கடற்கரையில் பெண்களுக்கான கல்லூரி தொடங்கியாயிற்று; பிறகு ராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது. ஆனால் திருவல்லிக்கேணியின் மேன்ஷன், மெஸ், டீக்கடை, பழைய புத்தகக்கடை என்ற அந்த உலகம் முழுக்க முழுக்க ஆண்களுடையது. கடற்கரைக் கல்லூரி ஒன்றில் படித்த என் அலுவலகத் தோழி சொன்னாள்: "மூணு வருஷம் அங்க படிச்சேன்டா. பைகிராப்ட்ஸ் ரோட்ல ஒரு தடவ புக்கு வாங்கிருக்கேன், அதுவும் அண்ணன் கூட வந்தான். மெஸ்ல எல்லாம் சாப்பிட்டதே இல்ல." பாரதி சாலை என்று பெயர் மாறி எத்தனையோ வருஷமாகியும் அவள் பைகிராப்ட்ஸ் ரோடு என்றுதான் சொன்னாள். ஊரே அப்படித்தான் சொல்கிறது. நிஜமாகவே அங்கே ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் கிடைக்கும் பழைய புத்தகங்களால் படித்து முடித்தவர்களின் பட்டியல் எந்த நூலகப் பதிவேட்டையும்விட நீளம். எனக்கு வேலை வாங்கித் தந்த சி ப்ளஸ் ப்ளஸ் புத்தகம் அங்கே எண்பது ரூபாய்க்கு வாங்கியது, முதல் பக்கத்தில் வேறொருவனின் காதலி பெயரோடு.

மேன்ஷனில் நான் ஏழு மாதம் இருந்தேன். எங்கள் அறையில் ஒருவன் சித்தூர், ஒருவன் ராமநாதபுரம். மூன்று பேருக்கும் யார் என்ன என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அதற்குப் பிறகு யாரும் அதைப் பேசவில்லை. பேச நேரமும் இல்லை. காலையில் குளியலறை வரிசை, மதியம் ரெஸ்யூம் பிரிண்ட், மாலை கடற்கரை. ராத்திரி மெஸ். அந்த அளவுக்கு மேன்ஷன் நல்ல இடம்தான் என்று சொல்வேன், மூட்டைப்பூச்சியையும் சேர்த்து. பிறகு வேலை கிடைத்து, சம்பளம் ஏறி, ஓ.எம்.ஆர். பக்கம் வீடு பார்க்கப் போனபோது, போனில் ஒரு வீட்டுக்காரர் முதல் கேள்வியாக "நீங்க வெஜ்ஜா சார்?" என்றார். இரண்டாவது கேள்விக்கு அவர் போகவே இல்லை. மேன்ஷன் மேனேஜராவது சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

போன மாதம் ஒரு வேலையாகப் போனவன் அக்பர் சாயபு தெருவுக்குள் நடந்தேன். திராவிடர் இல்லம் எந்த வீட்டில் இருந்தது என்று தேடிப் பார்க்க ஆசை. பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. தி. நகரில் நடேசனார் பெயரில் பூங்கா இருக்கிறது, காலையில் ஷூ போட்டுக்கொண்டு பலர் அதைச் சுற்றி நடக்கிறார்கள். இந்தத் தெருவில் இருப்பது மெஸ். டோக்கன் வாங்கி, எண்ணைக் கூப்பிடும் வரை வெளியே நிற்கவேண்டும். வெயிலில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள், பாதிப் பேர் கையில் போட்டித் தேர்வு கைடு. நானும் நின்றேன்.

உள்ளே யார் பக்கத்தில் யார் என்பது டோக்கன் எண்ணைப் பொறுத்தது. என் இடப்பக்கம் ஒரு கல்லூரிப் பையன், வலப்பக்கம் கோர்ட் யூனிஃபார்மில் ஒருவர். ரசத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். நாற்காலிக்குப் பின்னால் யாரோ வந்து நின்று, நாற்காலியின் முதுகில் கை வைத்தார்கள்.

"அண்ணா, மோர் சாப்டுவீங்களா, இல்ல எந்திரிச்சிருவீங்களா?"

"மோர் இருக்கு தம்பி," என்றேன். "அஞ்சு நிமிஷம்."